முப்பத்தொன்றாம் இருக்கையின் புகார்

பெரிய இடுக்கு என்கிற மலைப்பள்ளத்தில் இறங்க எத்தனை படிகள் என்று ஹலோ அக்காவைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்: நானூற்றுப் பன்னிரண்டு. சின்ன இடுக்கின் மரப்பாலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? இருபது. கீழ் ஏரியில் கழிப்பறை எங்கே? டிக்கெட் கூண்டுக்குப் பின்னால், இடது கைப்பக்கம். தாழ்ப்பாள் சரியாக விழாது, வெளியே ஒருவர் காவல் நிற்பது நல்லது. நடு ஏரியில் படகு உண்டா? உண்டு, காற்றடித்தால் கிடையாது. பதினான்கு மணி நேரச் சுற்றுலாவில் பேருந்து எந்த நிமிடத்தில் எந்த வளைவு திரும்பும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. இதில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

சுற்றுலாக் கம்பெனியின் தொலைபேசிக்காரி அவள். ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் அவள் இருக்கை. இரண்டு தொலைபேசிகள், ஒரு கணினி, சாய்ந்தால் கிறீச்சென்று கத்தும் நாற்காலி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பயண அட்டவணை. சுவரில் மேல் ஏரியின் படம் போட்ட கம்பெனிக் காலண்டர். முப்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, "குரல் நல்லா இருக்கு, டைப்பும் தெரியுது, போதும்" என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. எடுத்ததும் "ஹலோ, சொல்லுங்க" என்று அவள் சொல்கிற தினுசில் கோபமாகக் கூப்பிட்டவர்களே பாதி இறங்கி வந்துவிடுவார்கள். அதனால் வந்த பட்டப்பெயர்தான் ஹலோ அக்கா. வழிகாட்டிகளும் டிரைவர்களும் ஊரின் மறுகோடியில் இருந்த பேருந்து நிலையத்தோடு சரி. தினமும் காலையும் மாலையும் தலைக்கணக்குச் சொல்ல அவளைக் கூப்பிடுவார்களே தவிர, அவள் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை, அவர்கள் முகத்தை அவளும் பார்த்ததில்லை.

ஊழியர்கள் சுற்றுலாவில் போகக்கூடாது என்பது கம்பெனி விதி. ஏன் என்று கேட்டால், "பயணிகள் உக்கார்ற சீட்டும்மா அது" என்பார் மேனேஜர். அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மேல் ஏரிக்குப் போகும் பாதையில் உண்மையாகவே மண் சரிந்தது. "மேல் ஏரிப் பாதையில மண் சரிஞ்சு கிடக்கு, உங்க பாதுகாப்புக்காகத்தான் கூட்டிட்டுப் போகல" என்று சொல்லும்படி மேனேஜர் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார். அவளும் சொன்னாள். மழை நின்றது, வருடம் மாறியது, மேனேஜர் தலையில் இருந்த நாலு முடியும் கொட்டியது. வாக்கியம் மட்டும் அப்படியே இருந்தது. ஏரி காணோமே என்று யார் கூப்பிட்டாலும் அதை எடுத்து நீட்டுவாள். பாதை எப்போது சரியாகும் என்று கேட்டால், "அடுத்த வருஷம் வாங்க" என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள். கூப்பிட்டவரின் எண்ணையும் விவரத்தையும் புகார் நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டை யாரும் திறந்து பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கூப்பிட்டார்.

"நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல மேல் ஏரின்னு போட்டுட்டு, கடைசியில ஒரு கடைவாசல்ல கொண்டுபோய் இறக்கிட்டாங்களேம்மா!"

"மன்னிச்சுக்கணும் சார். மேல் ஏரிப் பாதையில மண் சரிஞ்சு கிடக்கு, உங்க பாதுகாப்புக்காகத்தான்…"

"நிறுத்துங்க. நான் முப்பது வருஷம் மலை ரூட்ல கண்டக்டரா இருந்தவன். சரிஞ்ச மண்ண அள்ள எத்தன நாளாகும்னு எனக்குத் தெரியும். என் காதுல பூ சுத்தாதீங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாத்திருக்கேன் சார்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எத? மண்ணையா, ஏரியையா?"

"ரெண்டையும்தான் சார்."

"அப்ப சொல்லுங்க. தண்ணி என்ன நிறம்?"

அவள் காலண்டரைப் பார்த்தாள். நீலம். சோப்புத் தூள் விளம்பரத்தில் வருகிற நீலம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கண்டக்டர் காத்திருந்தார். பிறகு, "சரிம்மா. பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவள் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்திருப்பாள். அவர் திட்டவில்லை. அது அவளை என்னவோ செய்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் சோதனைச்சாலை உதவியாளர். எதையும் குடுவையில் ஊற்றிப் பார்க்கிற ஆள்.

"ஏரியப் பாக்கப் பதினாலு மணி நேரமா? குழாயத் திறந்தா தண்ணி வருது."

"நான் அந்தத் தண்ணியப் பத்திப் பதினோரு வருஷமாப் பொய் சொல்லியிருக்கேனோன்னு பயமா இருக்குங்க."

"தெரிஞ்சா வேலை போயிடும்."

"போகட்டும். இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் மலைக்கு அனுப்பி வச்சிருக்கேன். நான் மட்டும் அந்தப் பொந்துலயே கிடக்கணுமா? நான் போறேன்."

அவர் அலமாரியைத் திறந்தார். "ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார் பிறகு. நாத்தனார் பேரில் அவளே டிக்கெட் போட்டாள். முப்பத்தொன்றாம் இருக்கை, ஜன்னல் ஓரம். காய்ச்சல் என்று ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

பேருந்தில் ஏறிய பிறகுதான் விஷயமே உறைத்தது. வழிகாட்டிக்கு அவள் முகம் தெரியாது. குரல் தெரியும், ஆறு வருடமாகத் தினமும் இரண்டு வேளை கேட்கிறவன். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். நாளெல்லாம் பேசியே பிழைக்கிறவள் பதினான்கு மணி நேரம் ஊமையாக இருக்க வேண்டும்! சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வழிகாட்டி பெயரைக் கேட்டபோது தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

"தொண்டைக் கட்டா? பாவம்" என்று சொன்னது அவன் இல்லை, பக்கத்து இருக்கைக்காரி. அறுபது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போயிருந்தது. தையல்காரம்மா. பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் கையில் திணித்தாள். "குடிங்க. வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சா சரியாயிடும். நீங்க பேசாட்டி என்ன, எனக்கும் சேத்து நானே பேசிடுறேன்."

பேசினாள். பேசிக்கொண்டே வந்தாள். போன வருடமும் இதே சுற்றுலாவுக்கு வந்தாளாம். தையல் மிஷினுக்கு எதிரே இந்தக் கம்பெனிக் காலண்டர்தானாம். எப்போது நிமிர்ந்தாலும் மேல் ஏரி. அப்படி ஒரு தண்ணீர் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்று வந்தவளை, பாதை மூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டுக்கு வந்து போன்ல சண்டை போட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க பாருங்க, என்ன குரல், என்ன மரியாத! அடுத்த வருஷம் வாங்க, பாதை சரியாயிடும்னாங்க. அவங்க சொன்னா நம்பலாம்னு தோணிச்சு. அதான் மறுபடி வந்துட்டேன்."

ஹலோ அக்காவுக்கு வெந்நீர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமி, கண்ணில் நீர் வந்து, சால்வையால் துடைத்துக்கொண்டாள். தையல்காரம்மா முதுகைத் தடவிவிட்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

காலை ஒன்பதரைக்குப் பெரிய இடுக்கு. ஆறு பாறையை இரண்டாக அறுத்துக்கொண்டு அடியில் எங்கோ ஓடியது. "முந்நூறு படிதான், சுலபமா இறங்கிடலாம்" என்றான் வழிகாட்டி. முந்நூறாம், முந்நூறு! ஹலோ அக்காவுக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கினாள். அடியில் போய்ச் சேர்ந்தபோது நானூற்றுப் பத்தொன்பது. சந்தேகத்தில், ஏறும்போதும் எண்ணினாள். நானூற்றுப் பத்தொன்பதேதான். இருபத்திரண்டு வருடமாக ஏழு படிகளைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்! முட்டிவலிக்காரர்கள் எத்தனை பேர் அந்த ஏழு படியில் நின்று தன்னைத் திட்டினார்களோ என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சின்ன இடுக்கின் பாலத்தில் இருபது பேருக்குப் பதில் முப்பத்தெட்டுப் பேரையும் ஒன்றாக ஏற்றினான் அந்தப் புண்ணியவான். கீழ் ஏரியில் தாழ்ப்பாள் விழாத கழிப்பறைக்கு அவளே காவல் நின்றாள். நடு ஏரியில் காற்றடித்தது, படகு இல்லை. படிக்கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அவள் சொன்ன மாதிரியே இருந்தது. ஆனால் எதுவும் அவள் நினைத்த மாதிரி இல்லை. காற்றுக்கு ஒரு வாசனை உண்டு என்று அட்டவணையில் போட்டிருக்கவில்லை. பாறை வெயிலில் சூடாகி, தொட்டால் உயிருள்ள மாட்டின் விலாவைப் போல இருக்கும் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. தையல்காரம்மாவின் தோளைத் தட்டித் தட்டி எல்லாவற்றையும் கைகாட்டினாள். அவளோ, "இதெல்லாம் சரி, மேல் ஏரிக்கு இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டபடியே இருந்தாள்.

மதியம் இரண்டு இருபதுக்குப் பேருந்து முச்சந்திக்கு வந்தது. இடது பக்கம் ஏறினால் மேல் ஏரி. வலது பக்கம் நூறு அடியில் ஒரு பெரிய கடை. சாவிக்கொத்து, தொப்பி, பொம்மை, கூடவே சாப்பாட்டு மேஜைகள். கடைக்காரர் மேனேஜருடைய மச்சான். ஏரிக்குப் போய்வர இரண்டரை மணி நேரமாகும். அந்த நேரத்தைத்தான் மச்சான் கடைக்குத் தாரைவார்த்திருந்தார்கள். இந்த உறவு அவளுக்கு எப்போதோ தெரியும். முச்சந்தியில் வந்து நின்றபோதுதான் இரண்டும் இரண்டும் நாலு என்று புரிந்தது.

வழிகாட்டி மைக்கை எடுத்தான். "மேல் ஏரிப் பாதையில மண் சரிஞ்சு கிடக்கு. உங்க பாதுகாப்புக்காகத்தான்…"

அவளுடைய வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை. அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் இழுத்தான். அவளிடம் கேட்டுத்தான் படித்திருக்கிறான்! அதே நேரம், மூடியிருக்கிற அந்தப் பாதையிலிருந்து பால் வண்டி ஒன்று காலி கேன்கள் கடகடக்க இறங்கி வந்து, பேருந்துக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பாதி பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் பசியில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மா ஃபிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்தாள். "போகட்டும், விடுங்க. நமக்குக் குடுத்து வைக்கல. அந்தப் போன் அம்மாகிட்டக் கேக்குறேன். அவங்க சரியாச் சொல்லுவாங்க."

அவ்வளவுதான். ஹலோ அக்கா எழுந்து நின்றாள்.

"அந்தப் போன் அம்மா நான்தாங்க."

பேருந்தின் முன்பக்கத்திலிருந்து மைக் வழியாகவே கேட்டது: "ஐயய்யோ… ஹலோ அக்கா?"

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். தையல்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப தொண்டை?"

"நல்லாத்தாங்க இருக்கு."

"காலையில இருந்து ஒரு ஃபிளாஸ்க் வெந்நிய ஊத்தியிருக்கேனே! சரி, அது கிடக்கட்டும். போன வருஷம் என்கிட்டச் சொன்னது?"

"பொய்ங்க. யாரையும் கேட்டுத் தெரிஞ்சுக்காமச் சொன்ன பொய். உங்ககிட்ட மட்டும் இல்ல, கூப்பிட்ட எல்லார்கிட்டயும் சொன்னேன். பாதை திறந்துதான் இருக்கு. இப்பத்தான் பால் வண்டி வந்துச்சு, நீங்களே பாத்தீங்க."

வழிகாட்டி ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, உக்காருங்கக்கா. என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாதீங்க."

"அந்தப் பாதையில பதினோரு வருஷமா மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கிறது யாரு தம்பி? நீயும் நானும்தான். போன் போடு ஆபீசுக்கு."

பதற்றத்தில் அவன் புகார் எண்ணையே அழுத்திவிட்டான். அவள்தான் விடுப்பில் இருக்கிறாளே, மேனேஜரே எடுத்தார். அவள் செல்லைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஹலோ, முப்பத்தொன்னாம் சீட் பேசுறேன். மேல் ஏரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறாங்க."

"மேல் ஏரிப் பாதையில மண் சரிஞ்சு கிடக்கும்மா, உங்க பாதுகாப்புக்காகத்தான்…" மேனேஜர் சட்டென்று நிறுத்தினார். "யாரு? நீயா? உனக்குக் காய்ச்சல்னு எழுதிக் குடுத்தியே!"

"காய்ச்சல் இப்பத்தான் விட்டுச்சு சார். நான் முச்சந்தியில நிக்கிறேன். மண்ணு எங்க சரிஞ்சிருக்குன்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். இங்கிருந்து பாத்தா உங்க மச்சான் கடைதான் தெரியுது."

பேருந்தே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்!" என்று கத்தியது மூன்றாம் வரிசைவரை கேட்டது. அவள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை.

அதுவரை வாயே திறக்காத மீசைக்கார டிரைவர் கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தார். "போன மாசம் என் பேத்தியக் கூட்டிட்டு மேல போய்ட்டு வந்தேன். பாதை வழவழன்னு இருக்கு. பயணிகள் சொன்னா நான் ஏத்துவேன். யாராவது கடைக்குப் போகணுமா?"

ஒருவரும் கை தூக்கவில்லை. ஒரு பெரியவர் பசிக்கிறது என்றார்; அவர் மனைவி முறைத்ததும் பசி போய்விட்டது. டிரைவர் இடது பக்கம் ஒடித்தார்.

மேல் ஏரி நீலமாக இல்லை. கரையோரம் நிறமே இல்லை. அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். நடுவில், தண்ணீர் தொட்டுத் துடைத்த சிலேட்டின் கறுப்பு. அதற்குள் மலை தலைகீழாகக் கிடந்தது. எல்லோரும் கரையோரம் போய் நின்றார்கள். வழிகாட்டிகூட மைக்கைப் பேருந்திலேயே வைத்துவிட்டு வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடத்தில் அவனுக்கும் இதுதான் முதல் தடவையாம்.

தையல்காரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நாற்பது வருஷமா நூல்கண்டு வாங்குறேன். இந்த நிறத்துல நூல் கிடையாது."

ஹலோ அக்கா தலையாட்டினாள்.

"உங்க மேல கோவம் போகல. தெரிஞ்சுக்குங்க."

"போக வேண்டாங்க."

"சரி, வாங்க. வந்ததுக்குக் காலையாவது நனைப்போம்."

இருவரும் செருப்பைக் கழற்றி இறங்கினார்கள். குளிர் எலும்பில் ஏறியது. ஹலோ அக்கா "அம்மாடி!" என்று வாய்விட்டுக் கத்தினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் அத்தனையும் அந்த ஒரு கத்தலில் மலையில் மோதித் திரும்பியது.

மறுநாள் ஒன்பது மணிக்கு வழக்கம்போல அடித்தளத்துக்கு வந்து அதே கிறீச்சிடும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜர் தன் அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"உன்னத்தான் வேலையில இருந்து நிறுத்தியாச்சே!"

"வாயால சொன்னா செல்லாது சார். கடிதம் குடுக்கணும். விதி அப்படித்தான். டைப் பண்ணிக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்."

இதில்தான் மேனேஜர் வசமாக மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அந்த அலுவலகத்தின் கடிதம் ஒவ்வொன்றையும், ஆளை நீக்குகிற கடிதம் உட்பட, டைப் செய்தவள் அவள்தான். மேனேஜருக்கு இரண்டு விரல்தான் ஓடும். அதுவும் எழுத்தைத் தேடித் தேடி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டொக்… டொக்… என்று சத்தம் ஆரம்பித்தது. எப்படியும் ஒன்றரை மணி நேரமாகும் என்று அவள் கணக்குப் போட்டாள். அலமாரியைத் திறந்தாள். புகார் நோட்டுகளை எடுத்தாள். மேலே இருந்த நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"ஹலோ, சுற்றுலாக் கம்பெனியில இருந்து பேசுறேன். மேல் ஏரியப் பத்தி உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். பாதை திறந்துதான் இருக்கு. அப்புறம், பெரிய இடுக்குல நானூத்திப் பத்தொம்பது படி."

சிலர் திட்டினார்கள். ஒருவர் அழுதார், ஏன் என்று சொல்லவில்லை. ஒரு அம்மாவுக்கு எந்த ஏரி என்பதே மறந்துபோயிருந்தது. எதையும் மென்று விழுங்காமல் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முப்பத்து நாலாவது ஆள் கண்டக்டர்.

"தண்ணி என்ன நிறம்னு கேட்டீங்களே சார். பாத்துட்டேன்."

மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க."

"நீலம் இல்ல சார். கரையில நிறமே கிடையாது. நடுவுல ஈரச் சிலேட்டு மாதிரி. அந்த நிறத்துல நூல்கூட இல்லையாம், ஒரு தையல்காரம்மா சொன்னாங்க. கால வச்சேன். இன்னும் குளிருது."

"மண்ணு?"

"ஒரு கூடைகூட இல்ல சார்."

டொக்டொக்கென்ற சத்தம் நின்றது. மேனேஜர் கடிதத்தோடு வந்து மேஜைக்கு முன்னால் நின்று அதை நீட்டினார். "எந்திரி" என்றார்.

அவள் ரிசீவரின் வாயைப் பொத்தாமல், குரலைத் தாழ்த்தாமல், ஒரு விரலை உயர்த்தினாள். "லைன்ல ஆள் இருக்காங்க சார்."

"ஏம்மா" என்றார் கண்டக்டர், "நான் மறுபடி டிக்கெட் போட்டா இந்தத் தடவையாவது மேல கூட்டிட்டுப் போவாங்களா?"

அவள் மேனேஜரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"போகலேன்னா, ரெண்டு இருபதுக்கு முச்சந்தி வரும் சார். எந்திரிச்சு நில்லுங்க. இடது பக்கம்."